பின்மூடியில் இருந்த கோடுகள்

போன வாரம் எங்கள் பழைய வாட்ச் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ஒரு படம் போட்டிருந்தான். பழைய பாக்கெட் வாட்ச் ஒன்றின் பின்மூடி. உள்பக்கம் பளபளவென்று மின்னியது. “உள்ளே ஒரே கீறலா இருந்துச்சு, அத்தனையும் பாலீஷ் போட்டு எடுத்துட்டேன், இப்பப் பாருங்க!” என்று கீழே எழுதியிருந்தான். நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சோபாவில் வீசினேன். பிறகு உடைந்துவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன். உடையவில்லை.

அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குச் சொல்லித் தந்தும் மண்டையில் ஏறாமல் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். குழுவில் எழுதினால் நடுவில் யாராவது பூப்படத்தோடு குட்மார்னிங் போட்டுவிடுவார்கள்.

என் பெயர் எஸ்தர். அப்பா அவிநாசிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனவர். நான் கோயமுத்தூரில் ஒரு மில்லில் நூல் தரம் பார்க்கிற பகுதியில் இருந்தேன். மில் மூடியது. பொடிப்பொடிச் சாமானைப் பிரித்து வைக்கப் பொறுமையான ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள் இருந்த கரீம் பாய் கடைக்குப் போனேன். தொண்ணூறுகள் அப்போதுதான் பிறந்திருந்தன. ஊரில் எல்லார் கையிலும் பேட்டரி வாட்ச். தாத்தாக்களின் பாக்கெட் வாட்சுகள் பித்தளைச் சொம்போடும் ஓட்டைக் குண்டாவோடும் பழைய சாமான்காரர்களிடம் போய்க்கொண்டிருந்த காலம். பாய் அவற்றை வாங்கினார். ஓடக்கூடியதை ஓட வைத்தார். ஓடாததைப் பிரித்து, பாகங்களாக வைத்துக்கொண்டார். நாடெங்கும் இருந்த சேகரிப்பாளர்கள் அவருக்குக் கடிதம் எழுதி முள்ளும் டயலும் சக்கரமும் கேட்பார்கள்.

முதல் மூன்று வருடம் நான் செய்ததைச் சொல்ல மூன்று வரி போதும். இடுக்கியைப் பிடிக்கும்போது மூச்சைப் பிடிக்கப் பழகினேன். தும்மல் வந்தால் மேசையை விட்டு எழுந்து ஓடப் பழகினேன். கீழே விழுந்த ஸ்பிரிங்கைத் தேட, விளக்குமாற்றை எடுக்காமல் முட்டி போட்டுத் தவழப் பழகினேன்.

பாய் ஒரு தினுசான மனிதர். பேசுவதற்கு முன்னால் கண்ணில் மாட்டியிருக்கும் லென்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். ஏற்றாமல் பேசினால் அது சும்மா பேச்சு. ஏற்றிவிட்டுப் பேசினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வாட்சுகளை அவர் ‘அது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. “இவருக்கு மூச்சு இருக்குது, இவரு கொஞ்சம் கோவக்காரரு” என்பார். என்னை “எஸ்தரு, நீ” என்பார். கோபம் வந்தால் மட்டும் “எஸ்தரம்மா, நீங்க” என்று மரியாதை கூடிவிடும். குரல் ஏறவே ஏறாது. அந்த ‘நீங்க’ கேட்டாலே இடுக்கியைக் கீழே வைத்துவிடுவேன்.

பிரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. வாட்ச் வந்ததும் முதலில் பின்மூடியைத் திறந்து உள்பக்கம் பார்க்க வேண்டும். ஜனங்கள் அங்கே என்னென்னவோ வைத்திருப்பார்கள். நகைக்கடைக்காரர் பெயர் அச்சிட்ட வட்டக் காகிதம், விபூதிப் பொட்டலம், நகமளவு மடித்த, ஓதி மந்திரித்த சீட்டு, ஒரு முறை குழந்தையின் முதல் முடி. பெயரோ படமோ இப்படி ஏதாவது சொந்த அடையாளமோ இருந்தால் அந்த வாட்சைப் பிரிக்கக் கூடாது. தனி டப்பாவில் போட்டு, ‘காத்திருப்பு’ என்று எழுதிய இழுப்பறையில் ஒரு வருடம் வைக்க வேண்டும். யாராவது தேடி வருவார்கள் என்பது பாயின் நம்பிக்கை. எனக்கு அது முதலில் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. அப்புறம் ஒருநாள் பவானியிலிருந்து ஜமக்காளம் நெய்கிற ஒருவர் வந்தார். பதினோரு மாதத்துக்கு முன் வந்த வாட்சுக்குள் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைக் கேட்டார். “வாட்சு வேண்டாமுங்க, படம் மட்டும் போதும். அந்தப் பொண்ணுக்கு வேற படமே இல்லீங்க” என்றார். அந்தப் பெண் உயிரோடு இல்லை என்று புரிந்தது. பாய் படத்தை வாட்சோடு சேர்த்தே கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு நான் அந்த இழுப்பறையைப் பார்த்துச் சிரித்ததில்லை.

அடையாளம் எதுவும் இல்லாத வாட்சாக இருந்தால், அன்றைக்கே பிரித்துவிடலாம். சக்கரங்கள் ரகவாரியாக ஹோமியோபதிக் குப்பிகளுக்குள், முட்கள் பிலிம் டப்பாக்களுக்குள், டயல்கள் பஞ்சுக்கு நடுவில். எந்தப் பாகத்தை வேறு வாட்சில் போட்டு விற்றாலும் ஒரு சீட்டில் ‘கலப்பு’ என்று எழுதி, எந்தப் பாகம் வேறு என்றும் எழுதி உள்ளே வைத்துத்தான் அனுப்புவார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் வேலை முடிந்ததும் பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் சின்னதாகக் கீறி வைப்பது உலக வழக்கம். தன் பெயரின் முதல் எழுத்து, ஒரு எண், சில சமயம் தேதி. அடுத்த முறை அதே வாட்ச் வந்தால் தான் தொட்டதுதானா என்று தெரிய வேண்டுமே, அதற்காக. இந்தக் கீறல்கள் சொந்த அடையாளக் கணக்கில் சேராது. எல்லா வாட்சிலும் இருக்கும்.

நான் பெரிய கெட்டிக்காரி ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம். அவிநாசியிலிருந்து பழைய சாமான்காரர் ஒரு பை கொண்டுவந்தார். பாய் அன்று வெளியே போயிருந்தார். பையில் ஒரு பெரிய வாட்ச். பக்கவாட்டில் நசுங்கல், வளையத்தில் கறுப்புக் கயிறு. பின்மூடியைத் திறந்தேன். உள்ளே வரிசையாகக் கோடுகள். எழுத்து இல்லை, எண் இல்லை. பெரிசும் சிறிசுமாகக் கோடுகள் மட்டும். ‘அடேயப்பா, இத்தனை தடவை ரிப்பேருக்குப் போனவரா, தேறமாட்டார்’ என்று முடிவு கட்டினேன். ஒரு மணி நேரத்தில் பிரித்து முடித்தேன். பொழுது போய்விட்டதால் சக்கரங்களைப் பெட்ரோலில் அலசாமல் அப்படியே குப்பிக்குள் போட்டேன். அதன் பேலன்ஸ் வீல், அதாவது ‘டிக் டிக்’ என்று முன்னும் பின்னும் ஆடுகிற சக்கரம், நல்ல நிலையில் இருந்தது. மறு வாரமே பாய் அதை வேறொரு வாட்சில் போட்டு, சீட்டு எழுதி, பம்பாய்க்காரர் ஒருவருக்கு அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், வயர்க்கூடையும் கையுமாக ஒரு பெண் கடை வாசலில் நின்றாள். முப்பது வயதிருக்கும். சென்னிமலைப் பக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தாள்.

“ஏனுங்க, பழைய சங்கிலி வாட்செல்லாம் இங்கதான் வருமுங்களா?”

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பேர் ராமாத்தாள். பாத்திரக்காரரிடம் ஒரு எவர்சில்வர் குண்டாவுக்குப் பழைய பித்தளையைப் போட்டபோது, தகரப்பெட்டிக்குள் ஓடாமல் கிடந்த மாமனாரின் வாட்சையும் சேர்த்துப் போட்டுவிட்டாளாம். அது கைமாறி அவிநாசிச் சாமான்காரரிடம் போனதை விசாரித்துக்கொண்டு இங்கே வந்திருந்தாள்.

“ஓடாத வாட்சுதானே, யாரு கேக்கப்போறாங்கன்னு போட்டுப்போட்டனுங்க. மாமாவுக்குக் கண்ணு சுத்தமாப் போயிருச்சுங்க. ஆபரேசன் பண்ணியும் தெரியல. ஒருநா திடீர்னு, ‘அம்மணி, அந்த வாட்சை எடு, ரிப்பேர் பண்ணிக் காதுல வெச்சுக் கேட்டுட்டாவது இருக்கறேன்’னு சொன்னாருங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. ரிப்பேருக்குக் குடுத்திருக்குதுங்க மாமான்னு சொல்லிப்போட்டேன். தெனமும் கேக்கறாருங்க. சோறு பாதிதான் உங்கறாரு. ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னைய அம்மா ஊட்டுக்கே அனுப்பிப்போடுவாருங்க.”

பாய் லென்ஸை நெற்றிக்கு ஏற்றினார். “அடையாளம் ஏதாச்சும் இருக்குமாம்மா?”

“பக்கத்துல நசுங்கி இருக்குமுங்க, மதகுக் கல்லுல உழுந்ததுங்க. மூடிக்குள்ள கோடு கோடா இருக்கும். மாமா அப்பப்ப ஊசியில கிழிப்பாருங்க.”

“எதுக்கும்மா கிழிப்பாரு?”

“அது எனக்குத் தெரியாதுங்க.”

பாய் என்னைப் பார்த்தார்.

“எஸ்தரம்மா, நீங்க அந்த மூடியைக் கொண்டாங்க.”

கொண்டுவந்தேன். ராமாத்தாள் கோடுகளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். பாய் கோடுகளை எண்ணினார். பத்தொன்பது. பிரித்துப் போட்டதைச் சொல்லி, திரும்பச் சேர்த்துத் தருவதாக அவளை அனுப்பிவைத்தார். போன பிறகு மேசையை மென்துணியால் ஒரு முறை துடைத்தார். துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைத்தார்.

“எழுத்தே போடாம வெறும் கோடு கிழிக்கிற ரிப்பேர்க்காரன நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா, எஸ்தரம்மா?”

“இல்லைங்க பாய்.”

“பத்தொம்பதும் ஒரே கையி. ஒருத்தரே கிழிச்சது. பாக்கத்தான் உங்களுக்குக் கண்ணு இருக்குதே.”

அவ்வளவுதான் திட்டு. அடித்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அடுத்த நான்கு நாள் நான் வேறு வேலை பார்க்கவில்லை. வெளிக்கூடு கிடைத்தது. டயல் பஞ்சுக்குள் இருந்தது. முட்களில் ஒன்றின் நுனியில் துரு என்று ஞாபகம் இருந்ததால் அவையும் கிடைத்தன. சக்கரங்கள்தான் உயிரை எடுத்தன. குப்பிக்குள் அதே ரகத்தில் மூன்று வாட்சுகளின் சக்கரங்கள் கலந்து கிடந்தன. எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்போது என் சோம்பேறித்தனமே எனக்குக் கைகொடுத்தது. அலசாமல் போட்டிருந்தேன் அல்லவா? அந்த வாட்சுக்கு யாரோ தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது மஞ்சளாகக் காய்ந்து பிசுக்காக ஒட்டியிருந்தது. முகர்ந்தால் காறிய வாசம் வந்தது. ஒவ்வொரு சக்கரமாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். பாய் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “எஸ்தரு, மோப்பம் புடிக்கிற ஆளை இன்னைக்குத்தான் வேலைக்கு வெச்சிருக்கறேன்” என்றார். ‘நீங்க’ போய்விட்டது என்று எனக்கு மூச்சு வந்தது.

பேலன்ஸ் வீல் மட்டும் இல்லை. பம்பாய்க்குப் பாய் கடிதம் எழுதினார். ராமாத்தாள் வெள்ளிக்கிழமைதோறும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்துக் கடைக்குப் போன் செய்தாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த வாட்சை அவர் வேறு யாருக்கோ கைமாற்றிவிட்டாராம், இனிமேல் கேட்பது கஷ்டம் என்று எழுதியிருந்தார்.

பாய் தன் சொந்த அலமாரியைத் திறந்தார். அதற்குள் இருந்தவை விற்பனைக்கு இல்லை. அதே ரக வாட்ச் ஒன்றை வெளியே எடுத்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, பேலன்ஸை எடுத்து, கிழவரின் வாட்சில் பொருத்தினார். ஓடுகிற வாட்சை அவர் நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு சீட்டு எழுதினார்: ‘பேலன்ஸ் வேறு. கலப்பு.’

ராமாத்தாளுக்குப் போனில் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். “அக்கா, அந்தச் சீட்டு வேண்டாமுங்க. மாமா எப்பேர்ப்பட்டவருன்னு உங்களுக்குத் தெரியாது. ஒரு நூலைப் புடிச்சாருன்னா கடைசி வரைக்கும் போவாருங்க.”

பாயிடம் சொன்னேன். லென்ஸ் மேலே ஏறியது. “சீட்டில்லாம இவரு என் கடையிலிருந்து போகமாட்டாரு. பிரிச்சது நீ. கொண்டுபோய்க் கையில குடுக்கறதும் நீதான். பெரியவரு கேட்டா உள்ளதைச் சொல்லு. கேக்கலைன்னா சீட்டை அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துட்டு வா.”

மறுநாள் காலை புறப்பட்டேன். வாட்சைக் கைக்குட்டையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஈரோட்டு பஸ் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போட, நான் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, “கோழிக்குஞ்சுங்களா கண்ணு?” என்று கேட்டாள்.

வீட்டின் ஒரு பக்கம் தறிக்கூடம். ராமாத்தாளின் கணவர் பெட்ஷீட் நெய்துகொண்டிருந்தார். பெரியவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு, சுத்தமான வேட்டி. ராமாத்தாள் என்னைக் கண்டதும் முந்தானையைக் கசக்கத் தொடங்கினாள்.

“மாமா, வாட்ச் கடையில இருந்து வந்திருக்காங்க.”

“வாங்க அம்மணி. உக்காருங்க. டேய், தறியைச் சித்த நிறுத்துடா, கேக்கோணும்!”

தறிச் சத்தம் நின்றது. வாட்சை அவர் கையில் வைத்தேன். கட்டைவிரல் நேராக நசுங்கலுக்குப் போனது. முகம் மலர்ந்துவிட்டது. பின்மூடியைத் தானே திறந்து, சுட்டுவிரல் நகத்தால் ஒவ்வொரு கோடாகத் தடவினார். உதடு அசைந்தது.

“பத்தொம்பது. சரியா இருக்குது.”

பிறகு காதில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

“இது நொண்டலையே” என்றார்.

“என்னங்க ஐயா?”

“என்ற வாட்சு நொண்டுமுங்க. டிக்குன்னு ஒண்ணு, சித்த நின்னு டக்குன்னு ஒண்ணு. இது நல்ல காலு உள்ளவன் நடையாட்ட இருக்குது. என்னத்தை மாத்துனீங்க, அம்மணி?”

‘கேட்டா உள்ளதைச் சொல்லு’ என்று பாய் சொல்லியிருந்தார். பெரியவர் கேட்டுவிட்டார். சொன்னேன். “பேலன்ஸ் சக்கரத்தை மாத்திருக்குதுங்க ஐயா.”

“பழசு எங்க?”

“பம்பாய்க்குப் போயிருச்சுங்க.”

“ரிப்பேருக்குக் குடுத்த சாமான் எதுக்குங்க பம்பாய்க்குப் போச்சு?”

ராமாத்தாள் சொன்னது சரிதான், அவர் நூலைப் பிடித்துவிட்டார். அவள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். தறிக்கூடத்து வாசலில் அவள் கணவர் வந்து நின்றார்.

“ஐயா, உங்க வாட்சை நாந்தானுங்க பிரிச்சுப்போட்டேன். உள்ள கோடு இருந்ததைப் பாத்தேன். ரிப்பேர்க்காரங்க கிழிச்சதுன்னு நெனச்சுப்போட்டேன். பத்திரமா எடுத்து வெக்கோணும், வெக்கலைங்க. தப்பு என்னுதுங்க” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் பாத்திரக்காரரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது சரியா தப்பா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பெரியவர் கோபப்படவில்லை. மூடியை மடியில் வைத்துக்கொண்டார். “ரிப்பேர்க்காரன் கோடு இல்லைங்க அம்மணி அது. எங்க கிளை வாய்க்கால்ல தண்ணி முறைக்கு முப்பது வருசம் இந்த வாட்சுதான் நேரம். இவனுக்கு இத்தனை மணியிலிருந்து, அவனுக்கு இத்தனை மணி வரைக்கும்னு நான் சொன்னா மடை திருப்புவாங்க. ஆரும் எதுத்துப் பேசமாட்டாங்க. ஆனா வாட்சுதானுங்களே? சில நாள் பின்னால போயிரும். ஒருத்தன் வயலுக்குப் பத்து நிமிசத் தண்ணி கொறஞ்சிரும். தெரிஞ்ச அன்னைக்கே என்ற முறையில இருந்து அத்தனை நேரத்தை உட்டுக் குடுத்துருவேன். குடுத்துட்டு, ஒரு கோடு கிழிச்சு வெப்பேன். தண்ணி பாஞ்சதும் அவங்க மறந்துருவாங்க. நான் மறக்கக் கூடாதில்லீங்க?”

பத்தொன்பது கோட்டையும் பார்த்து, ‘தேறாத வாட்ச்’ என்று முடிவு கட்டினவள் நான்.

“ராமாத்தா, ஊசி எடு.”

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை என் பக்கம் நீட்டினார். “உங்களுது. நீங்களே கிழிங்க.”

தலைமுடியைவிட மெல்லிய ஸ்பிரிங்கைப் பிடித்த கைதான் என்னுடையது, ஆனாலும் இருபதாவது கோடு கோணலாகத்தான் விழுந்தது. மூடியை அவரிடம் நீட்டினேன். அவர் கைக்குப் போவதற்குள் ராமாத்தாள் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். ஊசியையும் என் விரலிலிருந்து பிடுங்கினாள். வெடுக்கென்று ஒரு கோடு கிழித்தாள். அப்புறம் மாமனார் கையில் வைத்தாள்.

அவர் நகம் கோடுகளின் மேல் போனது. கடைசியில் நின்றது.

“இதென்ன, ரெண்டா இருக்குது?”

“ஒண்ணு என்னுதுங்க மாமா.” அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “நான் ரிப்பேருக்கெல்லாம் குடுக்கலைங்க. பாத்திரக்காரனுக்குப் போட்டுப்போட்டேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன்.”

“என்னடி சொல்றே?” என்று அவள் கணவர் ஓரடி முன்னே வைத்தார்.

பெரியவர் கையைத் தூக்கினார். முப்பது வருடம் மடை திருப்பச் சொன்ன கை அதுவாகத்தான் இருக்க வேண்டும். மகன் அப்படியே நின்றார்.

“கோடு கிழிச்சாச்சில்ல? அதோட தீந்துது. இதுவரைக்கும் கிழிச்ச எந்தக் கோட்டைப் பத்தியும் இந்த ஊருல மறுபேச்சு வந்ததில்லை. நீ போயித் தறியைப் பாரு.”

மகன் உள்ளே போனார். தறி மறுபடி ஓடத் தொடங்கியது. பெரியவர் மூடியைச் சாத்தி, வாட்சை மருமகள் கையைத் தேடிப் பிடித்து அதில் வைத்தார்.

“எனக்குத் திருகாணி தட்டுப்படமாட்டீங்குது. இனிமே காத்தால ஆறு மணிக்கு நீதான் சாவி குடுக்கோணும், அம்மணி. குடுத்துட்டு என்ற காதுல வெய்யி.”

அவள் தலையை ஆட்டினாள். அவருக்குத் தெரியாதே என்று ஞாபகம் வந்து, “சரிங்க மாமா” என்றாள். “ஒருநா மறந்துபோட்டன்னா?”

பெரியவர் சிரித்தார். “மறந்தா என்ன? உள்ள எடம் இன்னும் நெறையக் கெடக்குது.”